மறைப்பதும் அருளா?

திருகோணமலை லிங்கநகர்ப் பக்கம் வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன் நான். சிவனுடைய ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று என்கிறது சைவ சித்தாந்தம். அருள்பவன் ஏன் மறைக்க வேண்டும்? வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் பூட்டும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும்.

எங்கள் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அலை விநாடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடும். பழைய டிம்மர் ஒவ்வொரு அரை அலையிலும் முன்பகுதியை வெட்டிவிடும். இழை பல்ப் அதைப் பொறுத்துக்கொள்ளும். சூடேறிய இழை அந்த இடைவெளிக்குள் ஆறாது, மங்கி எரியும். எல்ஈடியில் அந்தச் சேமிப்புச் சூடு இல்லை. வெட்டுப்பட்ட அலையில் அதன் டிரைவர் சுற்று தடுமாறி, வெளிச்சம் துடிக்கும். 60 வாட் பல்ப் இருந்த இடத்தில் 9 வாட் எல்ஈடி போட்டால், டிம்மர் கேட்கும் குறைந்தபட்சச் சுமையும் கிடைக்காது. சாமியறையில் துடிக்கும் வெளிச்சத்தில் வயதானவர்கள் தேவாரம் படிப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

மறைப்பு விலகி உயிரில் அருள் பதியும் சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று பக்குவத்துக்கேற்ப நான்கு படியாம். பக்குவமில்லாத உயிரைக் குற்றவாளியாக்கி இதை விளக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டிம்மபிள் என்று அச்சிட்ட எல்ஈடி துடித்தால் நான் விளக்கை வைவதில்லை. அலையின் பின்பகுதியை வெட்டும் டிம்மரை மாட்டி, துடிப்பு நிற்குமட்டும் கீழெல்லையை உயர்த்துவேன். இறங்கி வரவேண்டியது மறைக்கிற கைதான். எங்கள் ஊர்ச் சிவன் கோணேசர் மறைப்பதும் உயிரின் தாங்குசக்தி பார்த்துத்தான் என்று முழுமனதாக நம்புகிறேன். 2004 மார்கழிச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிள்ளைகளின் தாய்மாரிடம் இதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வராது.