செய்வதும் இயல்வதும்

இயற்கைக்கு எதிர்ச்சொல் செயற்கை என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஒன்று ‘இயல்’ என்ற வேரில் பிறந்தது, மற்றது ‘செய்’ என்ற வேரில். தானே நிகழ்வது ஒரு கரை, ஒருவர் செய்து முடிப்பது மறு கரை. இந்தப் பிரிவினை மொழிக்குள் உறுதியாக உட்கார்ந்திருப்பதால், ஒரு படத்தையோ பானையையோ பார்த்ததும் ‘இதைச் செய்தது யார்’ என்று கேட்கிறோம். பதிலாக ஒரே ஒரு பெயரை எதிர்பார்க்கிறோம். உலகத்தைப் பற்றியும் இதே கேள்வி எழுந்தது, இதே மாதிரிப் பதில்தான் தேடப்பட்டது. செய்கிறவர் ஒருவர், செய்யப்படும் பொருள் வேறு, அந்தப் பொருளுக்குத் தனக்கென்று ஒரு நடத்தை கிடையாது என்ற எண்ணம் சரிதானா? இந்தக் கேள்வியை வெறும் தர்க்கத்தால் தீர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கைவேலையில் இறங்கிப் பார்க்க வேண்டும். அதற்கு மிகப் பொருத்தமான சான்று, பழைய சித்தூர் மாவட்டத்தில் பிறந்த ஒருவர் செதுக்கிய உலோகத் தகடுகளில் இருக்கிறது.

கிருஷ்ணா ரெட்டி 1925இல் சித்தூர்ப் பக்கம் நந்தனூர் என்ற சிற்றூரில் பிறந்தார். இளமையில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலிப் பள்ளியில் படித்தார். பார்க்கிறவரும் பார்க்கப்படுவதும் வேறு வேறு அல்ல என்று வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர் அந்த மதனப்பள்ளி. பிறகு சாந்திநிகேதனில் நந்தலால் போஸின் மாணவர். 1947 முதல் 1949 வரை சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியப் பிரிவின் தலைவர். அங்கிருந்து லண்டன், பாரிஸ். பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் நடத்திய ‘அத்தேலியே 17’ என்ற பதிப்போவியப் பட்டறை அவருடைய உண்மையான களமாயிற்று. ஆனால் அவர் ஓவியர் மட்டும் அல்லர். ஜட்கின், மாரினோ மாரினி ஆகிய சிற்பிகளிடம் சிற்பமும் பயின்றார். எனவே தகட்டை அவர் கோடு இழுக்கும் பரப்பாகப் பார்க்காமல், மேடும் பள்ளமுமாகக் குடைய வேண்டிய நிலமாகப் பார்த்தார். இந்திய அரசு 1972இல் பத்மஸ்ரீ வழங்கியது. 2018இல் நியூயார்க்கில் காலமானார். தமிழில் இவர் பெயரை அறிந்தவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். குப்பத்திலிருந்து காளத்தி (ஸ்ரீகாளஹஸ்தி) வரை தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும் அந்த நிலம் நமக்கு அந்நியமானதல்ல.

அந்தப் பட்டறையில் 1950களில் ஹேட்டரும், பம்பாயிலிருந்து வந்த கைக்கோ மோத்தியும், ரெட்டியும் சேர்ந்து வளர்த்த முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வாதம் முழுவதும் அதில்தான் நிற்கிறது. வழக்கமான வண்ணப் பதிப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு வேண்டும். இவர்கள் ஒரே தகட்டில், ஒரே அழுத்தத்தில், பல நிறங்களையும் தாளுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் அமிலத்தாலும் உளியாலும் தகட்டில் பல மட்டங்கள் உண்டாக்கப்படுகின்றன. கெட்டியான ரோலரை உருட்டினால் அது மேல்மட்டத்தை மட்டும் தொட்டுப் போகும். மெத்தென்ற ரோலர் அழுந்திக் கீழ்மட்டத்துக்கும் இறங்கும். மையில் ஆளிவிதை எண்ணெய் கூடினால் அது இளகும், குறைந்தால் இறுகும். இளகிய மை படிந்த இடத்தின்மேல் இறுகிய மையை உருட்டினால், எண்ணெய் அதை ஏற்காமல் தள்ளிவிடும். எண்ணெய் படாத இடத்தில் மட்டும் இறுகிய மை போய் ஒட்டும். எந்த நிறம் எங்கே போக வேண்டும் என்பதைத் தூரிகை இங்கே சொல்வதில்லை. எண்ணெயின் அளவும், பள்ளத்தின் ஆழமும், ரோலரின் மென்மையும் தங்களுக்குள் பேசி முடிவு செய்கின்றன. 1963இல் ரெட்டி செய்த ‘அலை’, ‘நீர்ச்சுழல்’ இரண்டும் இந்த முறையில் பிறந்தவை. நீரின் இழுப்பைக் காட்டும் அந்தப் படங்களில் நிறங்கள் ஒன்றையொன்று விலக்கியும் ஏற்றும்தான் இடம் பிடித்திருக்கின்றன. தண்ணீரின் தோற்றத்தை வெளியே நின்று வரைவது ஒன்று, தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறதோ அப்படித் தகட்டின்மேல் மையை நடந்துகொள்ள விடுவது இன்னொன்று. காளத்தியில் இருப்பது வாயுலிங்கம். காற்றுக்கு உருவம் இல்லை. கருவறைக்குள் அசையும் தீபச்சுடரைக் காட்டித்தான் காற்று அங்கே இருக்கிறது என்கிறார்கள். ‘நீர்ச்சுழல்’ படத்தில் மைகளின் விலகல் செய்யும் வேலை அந்தச் சுடர் செய்யும் வேலைதான் என்று எனக்குப் படுகிறது.

சைவ சித்தாந்தம் ஒரு பொருள் உண்டாவதற்கு மூன்று காரணங்களைச் சொல்லும். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். உலகம் பானை போன்றது, மாயை மண் போன்றது, சக்தி தண்டசக்கரம் போன்றது, இறைவன் குயவனைப் போன்றவன். தெளிவான, அழகான அளவை. ஆனால் அதைத் திருப்பி மனிதக் கைவேலைக்கே பொருத்தினால் சிக்கல் தொடங்குகிறது. ரெட்டியின் பட்டறையில் மை முதற்காரணமா, துணைக்காரணமா? அது படத்தின் பொருளாகவும் இருக்கிறது, நிறத்தைப் பிரித்து அனுப்பும் கருவியாகவும் இருக்கிறது, எங்கே நிற்பது என்பதை ஓரளவு தானே தீர்க்கவும் செய்கிறது. மூன்று பெட்டிகளில் எதிலும் அது முழுதாக அடங்குவதில்லை. இது நவீன வேதியியலால் வந்த புதுச்சிக்கல் என்று நினைக்க வேண்டாம். குப்பத்துப் பச்சைக் கிரானைட்டை உடைப்பவர் எவரும், கல் எந்தத் திசையில் பிளக்கச் சம்மதிக்கும் என்று பார்க்காமல் ஆப்பு வைப்பதில்லை. ஸ்தபதிகள் தட்டி ஓசை கேட்டு ஆண்கல், பெண்கல், இரண்டுமில்லாத கல் என்று பிரிப்பதும் அந்தச் சம்மதத்தை அறியத்தான். மண்ணும் அப்படியே: மணல் கூடிய களிமண் சக்கரத்தில் எழும்பாது, ஈரம் காயாத மண் சூளையில் வெடிக்கும். செயலற்ற மண் என்பது எந்தக் குயவரும் கண்டறியாத மண்.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. மை விலகுவதும் ஒட்டுவதும் விபத்து அல்ல. ரெட்டி அதை அளந்து வைத்திருந்தார். 1988இல் இந்த முறை பற்றித் தனி நூலே எழுதினார். ஒரே தகட்டிலிருந்து ஒத்த படிகளை வரிசையாக எடுத்தார். அப்படியிருக்க, பொருளுக்குப் பங்கு உண்டு என்பது கவித்துவப் பேச்சுதானே, எல்லாம் அவர் கட்டுப்பாட்டில்தானே இருந்தது என்று கேட்கலாம். காளத்தியின் கலம்காரித் துணி இதற்குப் பதில் வைத்திருக்கிறது. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்துக் காயப்போடுகிறார்கள். வெல்லநீரில் இரும்புத் துண்டுகளைப் போட்டுப் புளிக்கவைத்த கரைசலால் மூங்கில் எழுதுகோல் கொண்டு கோடு போடுகிறார்கள். துணியில் ஏறியுள்ள கடுக்காய்த் துவர்ப்பைத் தொட்டதும் அது கருக்கிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் சிவப்பைத் தீட்டுவதில்லை, படிகாரக் கரைசலைத் தீட்டுகிறார்கள். பிறகு துணியைச் சாயவேரோடு கொதிக்கவிட்டால் படிகாரம் பட்ட இடம் சிவக்கும், மற்ற இடம் ஓடும் நீரில் வெளுத்துவிடும். எழுதுகிறவருக்கு இந்த விளைவு முன்கூட்டியே தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, செய்வது வேறு. எந்தப் பட்டத்தில் விதைத்தால் எத்தனை நாளில் முளைக்கும் என்று உழவருக்குத் துல்லியமாகத் தெரியும். அதனால் முளையை அவர் செய்தார் என்று யாரும் சொல்வதில்லை. ரெட்டி ஒத்த படிகளை எடுத்தது, பொருளின் நடத்தையை அவர் அடக்கிவிட்டதைக் காட்டவில்லை. அதை எவ்வளவு நெருங்கி அறிந்திருந்தார் என்பதைக் காட்டுகிறது.

இரண்டாவது மறுப்பு சித்தாந்தியிடமிருந்து வரும். மை சடப்பொருள், அறிவில்லாதது தானே இயங்கும் என்றால் அது உலகாயதத்தில் கொண்டுபோய் விடும். இந்த எச்சரிக்கையை மதிக்கிறேன். மைக்கு விருப்பம் உண்டு என்று நான் சொல்லவில்லை; அதற்கு ஒரு முறைமை உண்டு என்கிறேன். சித்தாந்தத்திலேயே குயவர் உவமைக்குப் பக்கத்தில் இன்னோர் உவமை இருக்கிறது. சூரியன் எழுகிறது, ஒரு தாமரை மலர்கிறது, இன்னொன்று அரும்பாகவே நிற்கிறது, வேறொன்று வாடுகிறது, சூரியன் எதையும் தொடவும் இல்லை, மாறவும் இல்லை. பதியாகிய இறைவனின் முன்னிலையில் பொருள்கள் அவற்றவற்றின் பக்குவப்படி நடக்கின்றன. பக்குவம் என்ற சொல் இங்கே முக்கியம். குயவர் உவமை விட்டுவிட்ட பொருளின் பங்கைத் தாமரை உவமை திருப்பித் தருகிறது. கலைஞர் இந்த இரண்டு உவமைகளுக்கும் நடுவில் இருக்கிறார் என்பேன். கையால் தொடுவதில் குயவரைப் போல, பக்குவத்துக்குக் காத்திருப்பதில் சூரியனைப் போல. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சூரியன் மாறுவதில்லை, கலைஞர் மாறுகிறார். சித்தாந்தச் சொல்லில் அவர் பதி அல்லர், பசு, அதாவது உயிர். தகடு ஒவ்வொரு முறை மறுக்கும்போதும் அவருக்குக் கற்பிக்கிறது. செய்கிறவரும் செய்யப்படுகிற இந்த இடத்தில்தான் கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனைக்கும் சித்தாந்தத்துக்கும் ஒரு வழி திறப்பதாக நினைக்கிறேன். இரண்டும் ஒன்றென்று சொல்லிவிட மாட்டேன். கிருஷ்ணமூர்த்தி பதியையோ குருவையோ ஏற்றவர் அல்லர்.

பதிப்போவியருக்கு இன்னொரு நிலையும் உண்டு. ஓவியர் தீட்டத் தீட்டத் தன் படத்தைப் பார்க்கிறார். பதிப்போவியர் தகட்டில் இடவலம் மாறிய உருவைத்தான் பார்க்கிறார். ஈரத்தாளும் கம்பளியும் மூடி உருளைகளுக்கு இடையே தகடு போகும் அந்த நேரத்தில், படம் உண்டாகும் கணத்தை அவர் பார்ப்பதே இல்லை. தாளைச் சரியான இடத்தில் பொருத்த முன்னதாகவே ஓர் அடையாளம் வைத்துக்கொள்கிறார். பெரியபுராணத்தில் காளத்தியின் கண்ணப்பர் இரண்டாவது கண்ணையும் பெயர்க்கும் முன், பார்வை போனபின் இடம் தெரிய வேண்டுமே என்று லிங்கத்தின் கண்ணில் தன் காலை ஊன்றிக்கொண்டார். பக்தியின் உச்சமென்று நாம் போற்றும் அந்தக் காட்சிக்குள் ஒரு கைவினைஞரின் கவனம் இருக்கிறது. இனி தன் பார்வை உதவாது என்று தெரிந்த பிறகும் அவர் கணக்கைக் கைவிடவில்லை. கணக்கு இருந்ததால் அர்ப்பணிப்பும் குறையவில்லை. ‘நான் செய்கிறேன்’ என்பதை விடுவது என்றால் கவனத்தையும் விடுவது என்று நினைப்பவர்களுக்கு, காளத்தி மலை வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக ஒரு மறுப்பு, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. துத்தநாகத் தகடும் நைட்ரிக் அமிலமும் இயற்கையின் நண்பர்களா? இலையையும் மரப்பட்டையையும் நேராகத் தாளில் ஒற்றி எடுப்பவர்கள் இயற்கைக்கு அருகில் இல்லையா? இலையை ஒற்றினால் இலையின் வெளிக்கோடும் நரம்பும் கிடைக்கும், நல்லதுதான். ஆனால் ‘இயல்’ என்ற வேரைப் பொருட்படுத்தினால், இயற்கை என்பது இலையின் வடிவத்தைவிட இலை விரிந்த விதத்தில்தான் அதிகம் இருக்கிறது. அந்த விதத்தைப் பிடிக்கும் முயற்சியில் ரெட்டி இன்னும் ஆழமாகப் போனார் என்றே கருதுகிறேன். அமிலப் புகை பட்டறைக்காரரின் நுரையீரலுக்கும், கழிவு நீருக்கும் செய்யும் தீங்கை இந்த வாதம் எதுவும் நியாயப்படுத்தாது. பொருளுக்கும் நடத்தை உண்டு என்று சொல்கிற தத்துவம், அந்தப் பொருள் சாக்கடையில் இறங்கிய பிறகும் நடந்துகொண்டுதான் இருக்கும் என்பதை மறக்க உரிமை இல்லாதது. அமிலத்துக்கு மாற்றுத் தேடும் இன்றைய பதிப்போவியர்கள் அதே சிந்தனையைத்தான் முன்னெடுக்கிறார்கள்.

ஒரு பதிப்போவியத்தின் தாளை உற்றுப் பார்த்தால், தகடு அழுந்திய இடத்தைச் சுற்றி மெல்லிய பள்ளமாக ஒரு செவ்வகம் தெரியும். மையும் எண்ணெயும் உலோகமும் அழுத்தமும் தங்கள் வேலையை அதற்குள் முடித்துவிட்டன. கலைஞரின் கையெழுத்தும், மொத்தப் படிகளில் இது எத்தனையாவது என்ற எண்ணும் அந்தச் செவ்வகத்துக்கு வெளியே, தகடு தொடாத வெள்ளை விளிம்பில், பென்சிலால் சிறிதாக எழுதப்படுகின்றன.