சொல்லாமல் விட்ட தேவாங்கு

லென்ஸ் மூடியை அழுத்திப் போட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பகலில் காதில்கூட விழாது. திண்டுக்கல் மாவட்டத்தில், அய்யலூர்ப் பக்கம் சொந்தக்காரர் ஒருவரின் புளியந்தோப்பில், சித்திரை மாத நடுராத்திரியில், எனக்கு அது தெளிவாகவே கேட்டது.

என் கேமரா ட்ரைபாடில் தெற்கே பார்த்து நின்றது. பால்வீதியைப் படம் பிடிக்க இருபது விநாடி ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பூமி சுற்றுவது தெரிந்து, நட்சத்திரங்கள் கோடாகிவிடும். அந்த இருபது விநாடிக்குள்தான் பின்னாலிருந்து 'டிக்'. என்னோடு படம் எடுக்க வரும் தம்பி கேமராவைத் தூக்கி எதையோ பார்த்தவர், மூடியைப் போட்டுவிட்டார். "என்ன தம்பி?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே."

பிறகு ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு வேலி முள்ளுக்குள்ள ஒரு தேவாங்கு உக்காந்திருந்துச்சுண்ணே. செவப்பு டார்ச்சுல கண்ணு ரெண்டும் மின்னுச்சு."

அவ்வளவுதான் விஷயம். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. டீயை முடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

சின்ன வயதில் நான் ஒல்லி. "தேவாங்கு மாதிரி இருக்கானே, சோத்தைப் போடு" என்று அப்பத்தா சொல்லாத நாளில்லை. அந்தப் பெயரில் வளர்ந்த நான் தேவாங்கை நேரில் பார்த்ததே இல்லை. கால் கிலோவுக்கு மேல் பெரிதாக எடை ஏறாத உருவம், பூச்சியைத் தின்று விவசாயிக்கு உதவும் பிராணி என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்றே அமைந்த முதல் சரணாலயம் அது. செய்தியைப் படித்துவிட்டு ஊருக்கே பெருமை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாலடி தள்ளி ஒன்று உட்கார்ந்திருந்தபோது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திரும்பியிருப்பேன். காய்ந்த சருகில் ட்ரைபாட் காலை இழுத்திருப்பேன். ஃப்ளாஷ் போட மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இருட்டில் பார்ப்பதற்கென்றே அகலத் திறந்த கண் அது. அந்த வெளிச்சம் அதற்கு எவ்வளவு கொடுமை என்று தெரியும். தெரிந்தவர்கள்தான் போடுகிறார்கள் என்பதும் தெரியும்.

காட்டுயிர்ப் படங்கள் எடுத்த மா. கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். அவருடைய கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலை எப்போதோ வாசித்தது. கட்டுரைகள் பாதி மறந்துவிட்டன. தானே கோத்துச் சேர்த்த கேமராவில், கறுப்பு வெள்ளையில் மட்டுமே படம் எடுத்த மனிதர். அவரோடு காட்டுக்குப் போனவர்களிடம் எதைக் காட்டியிருப்பார், எதைக் காட்டாமல் கடந்திருப்பார்? அந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறதா என்று தேட இன்னும் நான் அதை எடுக்கவில்லை.

வானம் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். அந்தப் பழைய படங்களை இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சூரியனுக்கு ஒரு குறையும் வராது. 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் திண்டுக்கல்லில் கங்கண கிரகணம் தெரிந்தது. நெருப்பு வளையம் மூன்று நிமிடம் நின்றது. முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவர் கையிலிருந்து மற்றவர் கிரகணக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்கள். அன்றைக்கு யாராவது பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால் அவரைக் கஞ்சன் என்றே சொல்லியிருப்போம்.

தேவாங்கு வேறு. பார்க்கிற ஆள் ஒவ்வொருவரும் அதற்குக் கூடுதல் தொந்தரவு. இரண்டு பேர் சேர்ந்து வைத்துக்கொண்ட ஒரே பொழுதுபோக்கில், மேலே பார்க்கும்போது ஒரு நியாயம், வேலிக்குள் பார்க்கும்போது இன்னொரு நியாயம். இப்படிப் பிரித்துப் பார்த்தால் தம்பி செய்தது சரி.

ஆனால் அவர் தேவாங்கைக் காப்பாற்றியது யாரிடமிருந்து? என்னிடமிருந்துதானே. இத்தனை காலம் கூட வந்தும், "அண்ணே, அசையாம மெல்லத் திரும்புங்க" என்று காதோடு சொல்லும் அளவுக்கு என்னை நம்பவில்லையா? இல்லை, அந்த ஒரு நிமிடத்தைத் தனக்கே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாரா? அப்படியும் இருக்கலாம். அவரும் படம் எடுக்கவில்லை என்பதை நினைத்தால் கோபம் நிலைக்க மாட்டேன் என்கிறது.

அவரையே கேட்டுவிடலாம். கேட்டால் சங்கடப்பட்டு எனக்குப் பிடித்த ஒரு பதிலைத்தான் சொல்வார்.

அய்யலூர், வடமதுரைப் பக்கம் ராத்திரியில் கேமராவோடு போகிறவர்கள் ஃப்ளாஷை அணைத்தே வையுங்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பார்த்ததைக் கூட வந்தவரிடம் சொல்வதா வேண்டாமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இன்னும் தெரியவில்லை.