டிராயரில் கிடந்த மூன்று வாட்ச்

குரோம்பேட்டை ராதா நகர்ப் பக்கம் ஒரு சின்ன வாட்ச் கடை. பேட்டரி மாற்ற, ஸ்ட்ராப் போட என்றுதான் ஆட்கள் வருவார்கள். போன வருஷம் ஸ்ட்ராப் மாற்றப் போனபோது, “ஹெச்.எம்.டி. பழசு ஏதாவது இருக்கா சார்?” என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். சும்மா கேட்கவில்லை. ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் கீழ் டிராயரை இழுத்து மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். மூன்றும் ஜனதா, கை படாதவை. பெட்டியில் விலை 650 ரூபாய். “இதெல்லாம் இப்ப யாரு தம்பி கேக்குறாங்க?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. 1,950 ரூபாய் அனுப்பிவிட்டு மூன்றையும் வாங்கிக்கொண்டேன். ஒன்று என் கையில் இருக்கிறது. மற்ற இரண்டையும் இணையத்தில் தலா 5,000-க்கு விற்றேன்.

ஹெச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து வாட்ச் செய்யத் தொடங்கியது. அதன் வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. கடையில் கிடைத்த காலத்தில் சீந்த ஆளில்லாத வாட்ச்சுக்கு, இனிமேல் வராது என்றதும் கிராக்கி வந்துவிட்டது. பழைய இயந்திரத்துக்குப் புது டயல் மாட்டி விற்பவர்கள் பெருகியதால், பெட்டி பிரிக்காத ஒரிஜினலுக்கு மதிப்பு இன்னும் ஏறியது.

இதை டல்லாஸில் இருக்கும் அத்தை பையனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் ஏரிகளில் பாஸ் மீன் பிடிக்கிறவன். “எங்க ஊர்ல புழுவுக்கே இந்தக் கதைதான் மச்சான்” என்றான். பிளாஸ்டிக் புழு. 1949-இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் வீட்டு அடுப்பிலேயே காய்ச்சி அச்சில் ஊற்றிப் பிரபலமாக்கிய தூண்டில் இரை. பி.வி.சி.யோடு மிருதுவாக்கும் திரவத்தைக் கலந்து செய்வது. கலவையோ நிறமோ கொஞ்சம் மாறினாலும் தண்ணீரில் அதன் நெளிவே வேறு என்று தூண்டில்காரர்கள் சத்தியம் செய்வார்கள். பிடித்த புழு நின்றுபோனால், சின்ன ஊர்க் கடைகளில் தூசு படிந்த பாக்கெட்டுகளைத் தேடி மைல்கணக்கில் வண்டி ஓட்டுவார்களாம்.

அவனும் அப்படி ஒரு கடையில் கண்டுபிடித்திருக்கிறான். ஆனால் கல்லாவில் இருந்த பெண்மணியிடம், “இது இப்ப வர்றதில்ல, இணையத்துல மூணு மடங்கு விலை” என்று சொல்லிவிட்டான். அடுத்த வாரம் மிச்சமிருந்ததற்கெல்லாம் அந்த அம்மா விலை ஏற்றிவிட்டார். கூட மீன் பிடிக்கிறவர்கள் இவனைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள்.

நானும் அன்று சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நான் பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட விலையைக் கொடுத்தேன். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கடைக்காரருக்குச் சட்டமும் இடம் தராது. ஒரு வருஷம் கண் விழித்துச் சேர்த்த அறிவுக்கு ஏதாவது கூலி வேண்டாமா?

கேள்வி பழையது. கி.மு. 44-இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் சிசரோ ஒரு கணக்குப் போடுகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு நல்ல வியாபாரி கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்கு மட்டும் தெரியும். சொல்ல வேண்டுமா? மறைப்பது வேறு, சும்மா இருப்பது வேறு என்கிறார் டயோஜெனிஸ். சக மனிதனின் நன்மை உன் நன்மைதான், சொல்லு என்கிறார் அவர் மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கம். வள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே வணிகம் என்ற பொருளில் சொல்கிறார். அன்று அந்தக் கடையில் வணிகன் யார்? கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்ற நான்தான்.

என்னை மடக்கியது வேறொன்று. தேடியதற்குக் கூலி கேட்கிறேனே, வைத்திருந்ததற்கு? பிளாஸ்டிக் புழுக்களை நிறம் கலந்து போட்டுவைத்தால் ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறிவிடும். பாக்கெட் பிரிக்காமல் அந்த அம்மா வைத்திருந்ததால்தான் அவை இன்னும் புழுக்களாக இருந்தன. பெரியவரும் விற்காத சரக்கை எடைக்குப் போடாமல், ஈரம் படாமல், அவ்வப்போது சாவி கொடுத்து வைத்திருந்தார். என் தேடலும் அவர் காப்பும் சேர்ந்துதான் அந்த 5,000. இரண்டு பேர் உழைப்பின் பலனை நான் ஒருவனே எடுத்துக்கொண்டேன். அவருக்குத் தன் உழைப்பு தெரியாது என்பதுதான் எனக்கு வசதி.

உண்மையைச் சொன்னால் நஷ்டம் உண்டு. அத்தை பையனின் நண்பர்கள் இழந்தது மலிவு விலை. ஆனால் அந்த மலிவே ஒருவரின் அறியாமையில் கிடைத்தது. அது போனதற்கு அவர்கள் வருத்தப்படலாம், உரிமை கொண்டாட முடியாது.

இந்த ஊரின் பெயரே தோலைக் குரோமில் பதனிட்ட ஆலையிலிருந்து வந்தது. ஆலை இல்லை, பெயரை மட்டும் யாரோ தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி, லாபத்தில் பாதி, 4,350 ரூபாயை வைத்தேன். பெரியவர் கோபப்படவில்லை. பெருந்தன்மையாக மறுக்கவும் இல்லை. எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

“அன்னிக்கு வாங்கும்போதே தெரியுமா தம்பி?”

“தெரியும் சார்.”

தலையாட்டினார். கிளம்பும்போது, “வேற ஏதாவது பழசு இருக்கா சார்?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “தேடிப் பாக்கணும்” என்றார். கீழ் டிராயர் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை.