அன்று விற்றிராவிட்டால்...

சில வாரங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் மடித்து வைத்திருந்த செய்தித்தாள் துண்டு ஒன்றை நம்மிடம் நீட்டினார். பழங்கார்களின் அணிவகுப்பைக் காட்டும் படம் அது. வரிசையின் நடுவே, துடைத்து மெருகேற்றிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று நின்றது. "இதே நிறம்தான் சாமி, அப்பா வைத்திருந்த வண்டி. 1984-இல் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு விற்றேன். இன்று இதற்கு என்ன விலை சொல்கிறார்கள் தெரியுமா?" என்றார். விலையைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் கைமாறிய ஓர் ஊர்திக்காக எழுபது வயது மனிதர் கலங்குவதைக் கண்டபோது, நமக்குப் புன்னகைக்கத் தோன்றியது உண்மை. ஆனால் அறைக்குத் திரும்பியபின் அப்புன்னகை நிலைக்கவில்லை. அன்று விற்றிராவிட்டால், அன்று வாங்கியிருந்தால் என்று தொடங்கும் வாக்கியங்கள் நம் எல்லாருடைய நெஞ்சிலும் உண்டு. சிலருக்கு அது நிலம். சிலருக்குப் பாட்டியின் நகை. இவருக்கு ஒரு கார். அன்று சரியெனப் பட்டுச் செய்த ஒன்றை இன்று நினைத்து வருந்துவது முறைதானா? அவ்வருத்தம் நம்மை நல்வழிப்படுத்துமா, அல்லது உள்ளிருந்து அரித்துவிடுமா? இவ்வினாவைச் சற்றுப் பொறுமையுடன் ஆராய்வோம்.

முதலில் உலகறிந்த நிகழ்ச்சி ஒன்று. இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை '250 ஜிடிஓ' என்னும் பந்தயக் காரைத் தயாரித்தது. மொத்தம் 36 வண்டிகளே உருவாயின. அவற்றுள் ஒன்று, பந்தயக் களத்தில் ஓடி முடித்தபின், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றுக்கு நன்கொடையாக வந்து சேர்ந்தது. 1972-இல் பள்ளி அதனை 6,500 டாலருக்கு விற்றுவிட்டது. வாங்கியவரோ ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அதனைத் திறந்த வெளியில், மழையிலும் பனியிலும் நிறுத்தி வைத்திருந்தார். 2018-இல் அதே வகைக் கார் ஒன்று ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு விலைபோனது.

இதைக் கேட்டவுடன், "அந்தப் பள்ளிக்கூடத்தார் எவ்வளவு பெரிய மூடர்கள்!" என்று சொல்லத் தோன்றுகிறதன்றோ? ஆனால் அவர்கள் செய்த தவறுதான் என்ன? 1972-இல் அவர்கள் கையில் இருந்தது, காலம் கடந்துவிட்ட பந்தய வண்டி ஒன்று. உதிரிப் பாகம் கிடைப்பது அரிது. சாலையில் அன்றாடம் ஓட்டவும் ஏற்றதன்று. இன்றைய விலை அந்த வண்டியின் இருக்கைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. அது பின்னர் வந்தது. பின்னர் வந்த ஒளியைக் கொண்டு முன்னர் நடந்தவரைக் குருடர் என்று தீர்ப்பிடுவது நீதியாகாது. பிறரை இவ்வாறு தீர்ப்பிடத் தயங்கும் நாம், நம்மை மட்டும் இரக்கமின்றித் தீர்ப்பிடுகிறோம்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பழங்கார் ஒன்றுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் வந்தது? அதைப் போன்றவை பெரும்பாலும் அழிந்துபோனதால்தான். ஹெரால்டு கார் இங்கிலாந்திலிருந்து வந்த வடிவம். அதனை வரைந்தவர் மிக்கேலோத்தி என்னும் இத்தாலியர். 1961 முதல் அது சென்னையை அடுத்த வண்டலூரில் தயாராயிற்று. நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே செய்யப்பட்டது. ஒரு காலத்தில் மருத்துவர், வழக்குரைஞர் வீடுகளின் வாயிலில் அது சாதாரணமாக நின்றது. அவற்றை வைத்திருந்த அனைவரும் விற்காமல் போற்றிக் காத்திருந்தால், இன்று தெருவுக்கொன்று நிற்கும். எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். எனவே, விற்றதற்காக வருந்துவோர் உண்மையில் விரும்புவது, மற்றவரெல்லாம் விற்றிருக்கத் தாம் மட்டும் விற்காதிருந்திருக்க வேண்டும் என்பதையே. இது நடக்கக்கூடாததன்று, ஆனால், நடக்கவில்லையே என்று தம்மை நொந்துகொள்வதற்கு உரிய கடமையும் அன்று.

நினைவுக்கு ஓர் இயல்பு உண்டு. அது வண்டியை வைத்துக்கொள்ளும். செலவுக் கணக்கைக் கிழித்துவிடும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் பழைய வண்டிகள் விலையிழந்ததும், வண்டலூர்த் தொழிற்சாலை 1980-களின் இறுதியில் தயாரிப்பை நிறுத்தியதும், உதிரிப் பாகத்துக்காகக் காயலான் கடைகளில் அலைந்ததும், கடற்காற்றில் தகடு துருவேறியதும் இன்று எவர் நினைவிலும் இல்லை. நாற்பது ஆண்டுகள் அந்த வண்டியை நிறுத்தி வைக்க இடம், பழுது பார்க்கப் பணம், பார்க்கத் தெரிந்த மெக்கானிக் ஆகிய மூன்றும் வேண்டும். நம் தலைமை ஆசிரியர் அந்நாற்பது ஆண்டுகளில் மூன்று வாடகை வீடுகளில் குடியிருந்தவர். அவ்வீடுகளில் ஒன்றிலேனும் கார் நிறுத்த இடம் இல்லை.

புனித அகுஸ்தீனார் தம் வாழ்வை இறைவன்முன் எடுத்துரைக்கும் நூலின் பதினொன்றாம் பகுதியில் காலத்தைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்கிறார். கடந்த காலம் என்பது எங்கோ தனியே நின்றுகொண்டிருக்கவில்லை. அது நினைவாக நம் நிகழ்காலத்தில் வாழ்கிறது என்பது அவர் கண்ட முடிவு. அப்படியானால், நாம் ஏங்குவது 1984-இல் விற்ற வண்டிக்காக அன்று. இன்று நம் நெஞ்சில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்காகவே. அது துருப்பிடிப்பதில்லை. அதன் ஓட்டுநர் இருக்கையில் தந்தை இன்னும் அமர்ந்திருக்கிறார். பின்னிருக்கையில் பத்து வயதுச் சிறுவன் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அந்த வண்டியை எந்த ஏலத்திலும் வாங்க முடியாது. ஏனெனில் எவரும் அதை விற்கவேயில்லை.

புனித தோமா அக்குவினாரோ இன்னும் கறாரானவர். நடந்தது நடவாததாகும்படி கடவுளாலும் செய்ய இயலாது என்கிறார். அது இறைவல்லமையின் குறை அன்று. தனக்குத் தானே முரணானது செய்யப்படத்தக்க ஒரு பொருளே அன்று என்பது அவர் வாதம். கடவுளே மாற்றாத ஒன்றை நாள்தோறும் மனத்துக்குள் மாற்றி எழுதிப் பார்க்கும் மனிதன் எவ்வளவு களைத்துப்போவான்! ஆயினும் அதே தோமையார், துயரத்தை அற்பமென்று ஒதுக்கிவிடவில்லை. அதற்கு மருந்தென அவர் கூறுபவற்றில் அழுகையும், நண்பரின் பரிவும், உண்மையை நோக்கும் சிந்தனையும் மட்டுமல்ல, உறக்கமும் குளியலும்கூட உண்டு. எனவே தந்தையின் வண்டியை நினைத்துச் சிறிது அழுவதற்கு எவரும் நாணவேண்டியதில்லை. இழப்புக்காக அழுவது வேறு. இழந்ததற்காகத் தன்னைக் குற்றவாளியாக்குவது வேறு.

"தவறு செய்யாதவன் வருந்தவே வேண்டாம் என்கிறீர்களா?" என்று வாசகர் கேட்கலாம். அப்படியும் சொல்லிவிட முடியாது. ஆங்கிலேய மெய்யியலார் பெர்னார்டு வில்லியம்ஸ் 1976-இல் வெளியான கட்டுரை ஒன்றில் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார். லாரி ஓட்டுநர் ஒருவர், தம் தவறு ஏதுமின்றி, ஒரு குழந்தையின் மீது வண்டியை ஏற்றிவிட நேர்கிறது. அவர்மீது குற்றமில்லை. ஆனாலும் அருகில் நின்று பார்த்தவர் வருந்துவதுபோல் மட்டும் அவர் வருந்தினால் போதும் என்று நாம் நினைப்பதில்லை. அவருடைய கை வழியாக நடந்தது அது. ஆகவே குற்றமில்லாத இடத்திலும் ஒருவகை வருத்தம் மாண்புடையதே. ஆனால் கவனிக்க வேண்டும்: அந்த ஓட்டுநரின் வருத்தம் குழந்தையை நோக்குகிறது, தம் இழப்பை நோக்கவில்லை. வருத்தத்தின் தரம் அது யாரை நோக்குகிறது என்பதைப் பொறுத்தது.

இங்கே தலைமை ஆசிரியரின் கதைக்குத் திரும்புவோம். இதனை எழுத அவர் இசைவு தந்திருக்கிறார். அந்த ஒன்பதாயிரம் ரூபாய் எதற்குச் செலவாயிற்று என்று ஒருநாள் கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். தங்கைக்கு அப்போது பத்தொன்பது வயதாம், இருதயத்தில் கோளாறு, அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. தந்தை இறந்து ஓராண்டே ஆகியிருந்தது. வீட்டில் விலைபோகக்கூடியதாக இருந்தது அந்த வண்டி ஒன்றே. விற்றார், தங்கை பிழைத்தார். இன்று அவர் பேரப்பிள்ளைகளுடன் பக்கத்து ஊரில் வாழ்கிறார்.

குடும்பம் கூடும் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் அந்தக் காரின் பேச்சு வருமாம். போன ஆண்டு, இலையின் முன் அமர்ந்திருந்த தங்கை மெல்லச் சொன்னாராம்: "அண்ணா, நீங்கள் அந்தக் காரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், நான் பிழைத்துக்கொண்டதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது." அன்று விருந்தில் அதன்பின் எவரும் சரியாக உண்ணவில்லை.

அன்பர்களே, நம் ஏக்கங்கள் நம்மோடு நின்றுவிடுவதில்லை. நாம் கைவிட்ட ஒன்றுக்காக ஓயாது புலம்பும்போது, யாருக்காகக் கைவிட்டோமோ அவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளையின் படிப்புக்காக நிலத்தை விற்ற தந்தை, அந்நிலத்தின் இன்றைய விலையைப் பிள்ளையின் காதுபட நாள்தோறும் சொல்வாரானால், கொடுத்த கொடையைத் தவணை முறையில் திரும்பப் பெறுகிறார் என்றே பொருள். ஏசா தலைமகனுரிமையை ஒரு வேளைப் பயற்றுக் கூழுக்கு விற்றான். அவன் பிழை மலிவான விலைக்கு விற்றதன்று, உரிமையையே மலிவாக எண்ணியது. நம் தலைமை ஆசிரியரோ உயிரை வாங்க உலோகத்தை விற்றவர். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

இனி நம் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. நாம் குருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். உதவிப் பங்குக்குருவாக இருந்த ஊரில், எண்பதைக் கடந்த மருத்துவர் ஒருவர் இருந்தார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். 1950-களில் வாங்கிய மாரிஸ் மைனர் ஒன்றை வைத்திருந்தார். அந்த வகைக் கார் உலகில் பதினாறு லட்சத்துக்குமேல் தயாரானது. ஆகவே அரும்பொருள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வண்டியில்தான் அவர் நள்ளிரவுகளில் பேறுகாலம் பார்க்கச் சென்றிருக்கிறார். ஒருநாள் சாவியைக் கொண்டுவந்து நம் மேசைமீது வைத்து, "எனக்குக் கண் தெரியவில்லை சாமி. அவஸ்தைப்பூசுதலுக்கு அழைப்பு வந்தால் நீங்கள் சைக்கிளில் போகிறீர்கள். இதை வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

நாம் மறுத்துவிட்டோம். எளிமை வாழ்வு என்று காரணம் சொன்னோம். உண்மைக் காரணம் அதுவன்று. இளங்குரு காரில் போகிறார் என்று ஊரார் பேசுவார்களே என்ற அச்சமும், எவருக்கும் கடன்பட விரும்பாத செருக்குமே. அவர் சாவியை எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வெயிலில் நடந்து போனார். மறு ஆண்டு இறந்தார். வண்டி யாருக்கோ விலைபோயிற்று. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த ஊர்திகளைத் தொன்மை ஊர்திகளாகப் பதிவு செய்து காக்க 2021-இல் அரசு தனி விதிகள் வகுத்தபோது, நமக்கும் அந்த வண்டி நினைவுக்கு வந்தது. ஆனால் அதன் விலையை நாம் ஒருநாளும் விசாரிக்கவில்லை. நம் நெஞ்சை உறுத்துவது வெயிலில் நடந்து போன அந்த முதுகு.

இவ்விரு வருத்தங்களுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறதன்றோ? நம் பழைய ஞானோபதேச நூல்களில் மனஸ்தாபம் என்றொரு சொல் உண்டு. செய்த பிழையை வெறுப்பதும், இனிச் செய்யேன் என்று துணிவதும் அதன் இரு கைகள். ஏக்கத்துக்கோ இந்த இரண்டாம் கை இல்லை; அது பின்னோக்கி மட்டுமே நீளும். எனவே, 'அன்று விற்றிராவிட்டால்' என்று நெஞ்சு தொடங்கும்போது, அதனிடம் சில வினாக்களைக் கேட்போம். எதற்காக விற்றேன்? அன்று நான் அறிந்திருந்தது என்ன? என் வருத்தத்தால் புண்படுபவர் எவரேனும் உளரா? இவற்றுக்கு விடை கண்டபின்னும் உள்ளே ஏதேனும் உறுத்தினால், அது காரைப் பற்றியதாக இராது. அதைப் பின்தொடர்வது நலம்.

தலைமை ஆசிரியரிடம் இவற்றையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. "தங்கையைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னோம். அவர் போனார். தந்தை வண்டியின்மீது சாய்ந்து நிற்கும் பழைய புகைப்படம் ஒன்றைத் தங்கைக்கெனப் பெரிதாக்கிச் சட்டமிட்டு எடுத்துச் சென்றதாகப் பிறகு சொன்னார். விலையைப் பற்றிய பேச்சு எழவில்லையாம்.

நம் மருத்துவருக்கு அவ்வாறு செய்ய நமக்கு வழியில்லை. ஆனால் இப்போதெல்லாம் முதியவர் எவரேனும் தயங்கித் தயங்கி ஏதேனும் கொண்டுவந்தால், அது தோட்டத்து முருங்கைக்காயே ஆனாலும், வேண்டாம் என்று சொல்வதில்லை. இரு கைகளாலும் வாங்கிக்கொள்கிறோம்.