பொருளுக்குத் துணை தேர்தல்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகள் உள. அவற்றில் துயின்ற முனிவர்க்குப் பொருட்கவலை இல்லை. இல்லறத்தாராகிய நமக்கோ மகளின் திருமணமும் முதுமையும் முன்னிற்கின்றன. ஆகவே முதலீட்டிற்கு ஆலோசகரை நாடுகிறோம். எத்தகையவரை நாடுவது?

2022ஆம் ஆண்டு வழக்கிற்குள்ளான ஆருத்ரா நிறுவனம் மாதந்தோறும் நூற்றுக்கு 25 முதல் 30 ரூபாய் வரை தருவதாகக் கூறிற்று. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பணம் கட்டினர். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் உள்ளத்தில் நின்றிருப்பின் அச்சொல் செவியில் ஏறியிருக்குமா?

2013ஆம் ஆண்டின் செபி விதிகளின்படி பதிவுபெற்ற ஆலோசகர் நம்மிடமே கட்டணம் பெறுவார். தாம் பரிந்துரைக்கும் திட்டங்களுக்காகப் பிறரிடம் தரகு பெறலாகாது. பதிவெண்ணைக் கேட்டுச் செபியின் இணையதளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலீட்டுப் பணத்தையே தம் பெயருக்குக் கேட்பாராயின் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் சமணர்தாமே, எப்படிக் கேட்பது என்று கூசுகிறோம். இதுதான் பெருங்கேடு. நற்காட்சி என்பது மூடம் நீங்கிய நம்பிக்கை. கண்மூடி நம்புதல் அன்று. கேளுங்கள். நேர்மையாளராயின் அவ்வினாவிற்கு வருந்தமாட்டார். பதிவுச் சான்றிதழைத் தாமே எடுத்து முன்வைப்பார்.