தை முதல் நாளும் ஜனவரி 15உம்

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15இல் புனேயில் பிறந்தவர். அந்நாளைத் தேனியை அடுத்த பாலார்பட்டி முதலிய ஊர்களின் உழவர்கள், அவருடைய படத்துக்கு மாலை சூட்டிப் பானையில் பொங்கலிட்டு, தைத் திருநாளோடு சேர்த்தே கொண்டாடுகின்றனர். கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தந்தவர் உழவர் பண்டிகையை ஒட்டிப் பிறந்தது தெய்வச் செயல் என்று கருதுவோர் உண்டு; இரு நிகழ்ச்சிகள் ஒரே நாளில் அமைந்தால் அதில் பொருள் உண்டா என்னும் பழைய வினா இங்கே எழுகிறது.

பொங்கல் என்பது சூரியன் மகர ராசியில் புகும் சங்கராந்தி நாள். தமிழ்ப் பஞ்சாங்கம் ராசிகளை விண்மீன்களைக் கொண்டு அளக்க, ஆங்கில நாட்காட்டி பருவங்களைக் கொண்டு ஆண்டை அளக்கிறது. பூமியின் அச்சு மிக மெதுவாகத் திசை மாறிவருவதால் இவ்விரு கணக்குகளும் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகுகின்றன. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாளாக இருந்தது. அதற்கு 22 ஆண்டு முந்திய 1841இலும் தை பிறந்தது ஜனவரி 11 அல்லது 12இல்தான். ஆகவே பென்னிகுவிக் பிறந்தபோது பொங்கல் கழிந்து மூன்று நாளேனும் ஆகியிருந்தது. இன்றைய பொருத்தம் பின்னாளில் நேர்ந்தது, அதுவும் நிலையானதன்று. 2024இல் 15ஆம் தேதி வந்த பொங்கல் 2025இல் 14ஆம் தேதியே வந்துவிட்டது.

சமய மரபு இத்தகைய நெகிழ்ச்சியை என்றும் குறையாகக் கொண்டதில்லை. நாயன்மார் குருபூசைக்கு நட்சத்திரமும், முன்னோர் கடனுக்குத் திதியும், அதாவது நிலவின் வளர்பிறை தேய்பிறை நாளும், அளவாகின்றன. ஆங்கிலத் தேதிக்கு இரண்டிலும் இடமில்லை. கூடலூரை அடுத்த மலைமேல், தமிழக–கேரள எல்லையிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பளியன்குடி வழியாக அடியார்கள் காட்டுப்பாதையில் ஏறிச் செல்வது சித்ரா பௌர்ணமி அன்று. கண்ணகியால் மதுரை எரிந்ததாகச் சிலப்பதிகாரம் குறிப்பதோ ஆடி மாதத்துத் தேய்பிறை அட்டமி. அதே சித்ரா பௌர்ணமியில்தான் மதுரையில் அழகர் வையையில் இறங்குகிறார். மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பது மரபுச் செய்தி. ஆகவே ஒரே நாளில் நிகழ்வது என்பது பலவேளை விண்ணில் அமைவதன்று, மனிதர் கூட்டிவைப்பது. அதனால் அவ்விழாவின் புனிதம் குறைந்துவிட்டதென்று எவரும் சொல்வதில்லை.

அப்படியானால் பென்னிகுவிக் பொங்கல் எதன்மேல் நிற்கிறது? 1895இல் திறக்கப்பட்ட அணை, மேற்கே ஓடிய நீரைச் சுரங்கவழியே கிழக்கே திருப்பியது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் இன்றும் அந்நீரையே நம்பியிருக்கிறது. கதிரவனுக்கும் மறுநாள் மாட்டுக்கும் நன்றி சொல்லும் பண்டிகையில் பொறியாளர் ஒருவருக்கும் இடம் கொடுப்பது அப்பண்டிகையின் இயல்புக்கு முற்றிலும் உகந்ததே. தெய்வச் செயல் என்னும் சான்று அதற்குத் தேவையில்லை. லோயர் கேம்ப்பில் 2013 ஜனவரி 15இல் அரசு திறந்த பென்னிகுவிக் மணிமண்டபமும் இந்த நன்றியின் அடையாளமே. ஆனால் நன்றியே அடிப்படை என்று ஒப்புக்கொண்டால், அணை எழும்பிய ஆண்டுகளில் மலேரியாவுக்கும் காலராவுக்கும் பலியான கூலித் தொழிலாளர்கள், பிறந்த தேதி தெரியாதவர்கள் என்பதற்காக விடுபட்டுப் போவது நியாயமாகாது. அதே பானையிலிருந்து அவர்களுக்கும் ஒரு படையல் போடுவதே முறை.