சாட்சியில்லாத ஒலி

மூன்று வருஷங்களாக என் இடது காதில் ஒரு சத்தம் இருக்கிறது. சில்வண்டு எனலாம், ஆனால் சில்வண்டு இடையிடையே ஓயும். இதை வேறு யாரும் கேட்க முடியாது. டாக்டரிடம்கூட என் வார்த்தையை மட்டுமே கொண்டுபோக முடிகிறது. பிறர் சாட்சி சொல்ல இயலாத ஒன்றை ‘இருக்கிறது’ என்று நான் எந்த உரிமையில் சொல்கிறேன்?

இதற்கு நம்மிடம் தயாராக ஒரு பதில் உண்டு: அநாகத நாதம். திருமூலர் மணி, கடல், யாழ் என்று பத்து ஓசைகளைக் கணக்கிட்டிருக்கிறார். இலக்கிய நண்பர்கள் இருவர் இதைச் சொல்லி என்னைப் பாக்கியவானாக்கினார்கள். 1951 வாக்கில் ஹார்வர்டில் எதிரொலியற்ற அறைக்குள் போன ஜான் கேஜ், தன் உடம்பின் ஒலிகளைக் கேட்டு, மௌனம் என்று ஒன்றில்லை என்ற முடிவுக்கு வந்ததையும் சேர்த்துக்கொண்டார்கள். கேஜ் அந்த அறையைவிட்டு வெளியே வந்துவிட்டார் என்பது அவர்களுக்கு முக்கியமாகப் படவில்லை. எனக்கு ஸ்மெதனாதான் நெருக்கம். 1876இல் எழுதிய நால்வர் இசையின் கடைசிப் பகுதியில் வயலின் ஓர் உச்ச ஸ்வரத்தில் போய் நின்றுவிடுகிறது. அவரைச் செவிடாக்கிய நோயின் ஒலி அது. அதில் தரிசனம் ஏதுமில்லை.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை பள்ளிபாளையத்தில். விசைத்தறி ஓட்டுபவர்கள் கவுண்டரில் பேசினால் சண்டை போடுகிறார்கள் என்று தோன்றும். ஒருவரிடம் காதைப் பற்றிக் கேட்டேன். “தறிய நிறுத்துனாலும் உள்ள ஓடிட்டேதானுங்க இருக்கு. கரண்டு போனா இன்னும் ஜாஸ்தி” என்றார். உட்காதின் மயிர்ச் செல்கள் பேரிரைச்சலில் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அவை அனுப்பவேண்டிய செய்தி வராதபோது மூளை உன்னிப்பைக் கூட்டிக் கூட்டி, இல்லாததைக் கேட்கத் தொடங்குகிறது என்பது இன்றைய விளக்கம். தறிக்காரர் அதை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தை ஒட்டிய விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு கட்டின. வீட்டை ஒட்டிய பட்டறையில் நாலைந்து பேர் தறி ஓட்டினால் அந்தச் சட்டத்தின் கணக்கில் அது தொழிற்சாலையே அல்ல. ஆக, சாட்சியின்மை இங்கே ஞானத்தின் சிக்கலாக எழவில்லை. அவர் காதிலுள்ள ஒலி அந்தரங்கம்தான். அதை உண்டாக்கிய தறிச் சத்தத்தைத் தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. ‘அகவயம்’ என்ற சொல்லை விமர்சனத்தில் நாம் வெகு சுலபமாகப் புழங்குகிறோம். என் சத்தத்துக்குக் காரணம் தெரியவில்லை, யாரும் என்ன பெயரும் வைத்துக்கொள்ளட்டும். அவருடையதை நாதம் என்பது அயோக்கியத்தனம்.

நான் மின்விசிறியை ஓடவிட்டுத் தூங்குகிறேன். அதன் இரைச்சலில் சில்வண்டு கொஞ்சம் அமுங்கும். அவருக்கு விசிறிச் சத்தம் போதவில்லையாம். பட்டறையை ஒட்டியே படுத்துப் பழகியவர். தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் தூக்கமே வருவதில்லை என்றார்.